விநோத உருவங்களும் அவற்றின் விளக்கமும்

காட்டுப் பிராணிகளைக் காணும் மக்கள் அவற்றைப் பொதுவாக மூன்று சொற்களால் பாகுபடுத்துவர். கண்ணுக்கு இனியதை அழகியது என்பர். எளிதில் காணக் கிடைக்காததை அரியது என்பர். பழக்கமான உருவங்கள் எதனோடும் ஒவ்வாததை விநோதமானது என்பர். இம்மூன்று சொற்களும் பார்ப்பவரின் மனநிலையைக் குறிப்பனவேயன்றிப் பிராணியின் இயல்பைக் குறிப்பன அல்ல. மயிலின் தோகை மயிலுக்கு ஒரு கருவி. முதலையின் மூக்கும் முதலைக்கு ஒரு கருவி. ஒன்றை அழகென்றும் மற்றொன்றை விகாரமென்றும் கூறுவது நம்முடைய பழக்கமேயாகும்.

எனினும் வியப்பு என்பது ஒதுக்கத்தக்கதன்று. அறிவு தொடங்கும் இடம் அதுவே. ஒரு பிராணியைக் கண்டு வியந்தவன் அடுத்ததாக, ‘இந்த உறுப்பு இதற்கு எதற்காக அமைந்தது?’ என்று வினவுவானாயின் அவன் விஞ்ஞானத்தின் வாயிலில் நிற்கின்றான். அவ்வினாவை எழுப்பாமலே வியப்போடு நின்றுவிடுவானாயின், அவ்வியப்பு நாளடைவில் அச்சமாகவோ, மூடநம்பிக்கையாகவோ, வாணிப ஆசையாகவோ மாறிவிடுகின்றது. நம் நாட்டில் பல அரிய பிராணிகள் குறைந்து போனதற்கு இம்மாற்றமும் ஒரு காரணம். இக்கட்டுரை ஆறு பிராணிகளை எடுத்துக்கொண்டு, அவற்றின் உருவத்தையும் வாழ்க்கையையும் விளக்கி, களத்தில் பணிபுரிவோரும் ஆசிரியர்களும் இவ்விளக்கத்தை எவ்வாறு பயன்படுத்தலாம் என்பதை எடுத்துரைக்கின்றது.

இருவாட்சி

அழகிய பறவைகளின் வரிசையில் பெரிய இருவாட்சிக்குத் தனி இடம் உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளிலும், இமயமலையின் அடிவாரக் காடுகளிலும், வடகிழக்கு மாநிலங்களிலும் இது வாழ்கின்றது. உடல் நீளம் ஏறத்தாழ ஒரு மீட்டர். கறுப்பும் வெள்ளையுமான இறகுகள், வளைந்த பெரிய மஞ்சள் அலகு, அதன்மேல் மற்றோர் அலகைக் கவிழ்த்து வைத்தாற்போன்ற கொண்டை ஆகியவை இதன் அடையாளங்கள். இரண்டு அலகுகள் இருப்பதுபோல் தோன்றுவதால் இருவாயன் என்ற பெயரும் வழங்குகின்றது.

கொண்டை பார்வைக்குப் பாரமானதாகத் தோன்றினும் உள்ளே பெரும்பாலும் வெற்றிடமே. ஆண் பறவைகள் பறந்துகொண்டே ஒன்றன் கொண்டையை மற்றொன்றின் கொண்டைமீது மோதிப் பொருதுவது காணப்பட்டிருக்கின்றது. அலகின் மஞ்சள் நிறமும் முழுவதும் இயற்கை நிறமன்று. வாலின் அடியிலுள்ள எண்ணெய்ச் சுரப்பியில் அலகைத் தேய்த்துப் பறவை தானே அந்நிறத்தைப் பூசிக்கொள்கின்றது. இது பறக்கும்போது எழும் பேரொலி நெடுந்தூரம் கேட்கும். மற்றப் பறவைகளில் சிறகின் அடிப்புறத்தை மூடியிருக்கும் சிறு இறகுகள் இதற்குப் போதிய அளவில் இல்லை. ஆகவே பெரிய இறகுகளின் இடைவெளி வழியே காற்று சீறிக்கொண்டு செல்கின்றது.

இதன் கூடு கட்டும் முறை இதன் தோற்றத்தைக் காட்டிலும் வியப்புக்குரியது. பெண் பறவை உயர்ந்த முதுமரம் ஒன்றின் பொந்தினுள் புகுந்து, தன் எச்சம், மண் முதலியவற்றால் வாயிலை உள்ளிருந்தே அடைத்துக்கொள்கின்றது. அலகு நுழையும் அளவுக்கு ஒரு குறுகிய பிளவு மட்டும் எஞ்சும். உள்ளிருக்கும் காலத்தில் அதன் சிறகு இறகுகள் உதிர்ந்து புதியவை முளைக்கின்றன. அப்போது அதனால் பறக்க இயலாது. வாரக்கணக்கில், சில வேளைகளில் மூன்று நான்கு மாதம் வரையில், ஆண் பறவையே அத்தி முதலிய பழங்களை விழுங்கிக் கொணர்ந்து, ஒவ்வொன்றாகக் கக்கி அப்பிளவின் வழியே ஊட்டுகின்றது. ஆகவே இக்காலத்தில் ஓர் ஆண் பறவை சுடப்பட்டால் இழப்பு ஒரு பறவையோடு முடிவதில்லை. உள்ளே அடைபட்டிருக்கும் தாயும் குஞ்சும் உணவின்றி நலிகின்றன.

காட்டுக்கு இப்பறவை ஆற்றும் தொண்டும் பெரிது. விழுங்கிய பழங்களின் பெரிய விதைகளைத் தாய்மரத்திலிருந்து வெகுதூரம் கொண்டுசென்று இடுகின்றது. பருத்த விதைகளைக் கொண்ட பல மரங்களுக்கு இத்தகைய உழவர் வேறு அதிகம் இல்லை.

அருணாசலப் பிரதேசத்தில் நிஷி மக்கள் தம் தலையணியில் இருவாட்சியின் அலகைச் சூடுவது மரபு. இம்மரபை இழித்துரைக்காமல், கண்ணாடியிழையால் செய்த அலகுகளை அவர்களுக்கு வழங்கும் முயற்சி மேற்கொள்ளப்பட்டது. பலர் அதனை ஏற்றுக்கொண்டனர். மேலும் 2011-ஆம் ஆண்டு முதல் பக்கே புலிகள் காப்பகத்தையொட்டிய கிராம மக்களே கூடுகளைத் தேடிக் காவல் காக்கும் திட்டம் ஒன்று, வன இலாகாவும் இயற்கைப் பாதுகாப்பு நிறுவனமும் துணை நிற்க, நடைபெற்று வருகின்றது. நாட்டின் பிற பகுதிகளிலுள்ளோர் ஒரு கூட்டுக்கான செலவை ஏற்றுக்கொள்கின்றனர். அழகை அணியும் விருப்பமும் பறவை உயிருடன் இருப்பதும் ஒன்றுக்கொன்று முரணாக வேண்டியதில்லை என்பதற்கு இது நல்ல சான்று.

சங்காய் மான்

அரியது என்ற சொல்லின் பொருளை மணிப்பூரின் சங்காய் மான் தெளிவாக உணர்த்தும். இதன் கொம்பில், நெற்றியை நோக்கி முன்னே வளையும் கிளையும் பின்னே எழும் தண்டும் முறிவின்றி ஒரே வில்லாக அமைந்திருக்கும். கொம்பு ஆணுக்கே உண்டு. ஆண்டுதோறும் விழுந்து முளைக்கும். ஓடும்போது நின்று திரும்பிப் பார்க்கும் பழக்கம் இதற்கு உண்டு.

உலகில் இம்மான் இயற்கையாக வாழும் இடம் லோக்டாக் ஏரியின் தென்கிழக்குப் பகுதியாகிய கெய்புல் லாம்ஜாவோ ஒன்றே. அதன் பரப்பு சுமார் 40 சதுரக் கிலோமீட்டர். அங்கு நிலம் என்று கூறத்தக்கது பெரும்பாலும் நிலமன்று; ‘பும்டி’ எனப்படும் மிதக்கும் திட்டுக்களே. நாணல், புல், மக்கிய வேர், மண் ஆகியவை ஒன்றோடொன்று பின்னிப் பல தலைமுறைகளாகத் திரண்டு இத்திட்டுக்கள் உண்டாகின்றன. இவற்றின் கனத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கே நீருக்கு மேல் தெரியும். மெத்தையின் மீது நடப்பதுபோல் அடியெடுத்து வைக்கும் இதன் நடையைக் கண்டோர் இதற்கு ‘ஆடும் மான்’ என்று பெயரிட்டனர்.

1951-ஆம் ஆண்டில் இவ்வினம் அற்றுப்போயிற்று என்று கருதப்பட்டது. 1953-இல் ஈ. பி. ஜீ என்ற இயற்கை ஆர்வலர் சில மான்கள் உயிருடன் இருப்பதைக் கண்டார். 1975-இல் விமானத்திலிருந்து எடுத்த கணக்கில் 14 மான்களே தென்பட்டன. 1977-இல் அவ்விடம் தேசிய வனப்பூங்கா ஆயிற்று. மக்களின் ஒத்துழைப்புடனும் கடுங்காவலுடனும் தொகை மெதுவாகப் பெருகி, 2016-ஆம் ஆண்டுக் கணக்கில் 260 ஆக உயர்ந்தது.

இவ்வெற்றியோடு ஓர் எச்சரிக்கையும் இணைந்திருக்கின்றது. முன்காலத்தில் கோடையில் ஏரி வற்றும்போது திட்டுக்கள் தாழ்ந்து ஏரியின் தரையைத் தொடும். செடிகளின் வேர்கள் சேற்றிலிருந்து ஊட்டம் பெறும். மழைக்காலத்தில் திட்டுக்கள் மீண்டும் எழும்பும். 1983-இல் இத்தாய் அணை இயங்கத் தொடங்கிய பிறகு ஏரியின் நீர்மட்டம் ஆண்டு முழுவதும் உயர்ந்தே நிற்கின்றது. ஆதலின் திட்டுக்கள் தரையைத் தொடுவது குறைந்து, ஊட்டமின்றி மெலிந்து வருகின்றன. மெலிந்த திட்டு மானின் பாரத்தைத் தாங்காது. வேட்டைக்காரனைத் தடுத்துவிட்டால் மட்டும் ஓர் இனத்தைக் காத்துவிட இயலாது; அது நிற்கும் தரையையும் காக்க வேண்டும் என்பதைச் சங்காய் கற்பிக்கின்றது.

கரியால் முதலை

விநோத உருவங்களில் முதலில் கூறத்தக்கது கரியால் எனப்படும் நீள்மூக்கு முதலை. சம்பல், கிர்வா, சோன், கண்டக் முதலிய வடநாட்டு ஆறுகளிலும், மகாநதியிலும், நேபாளத்தின் சில ஆறுகளிலும் இது வாழ்கின்றது. முதிர்ந்த ஆண் ஐந்து மீட்டருக்கு மேலும் வளரும். முதலை என்றதும் நம் மனத்தில் தோன்றும் அகன்ற தாடை இதற்கு இல்லை. மாறாக, ஒல்லியான நீண்ட குழல்போன்ற தாடையும், நூற்றுக்கும் மேற்பட்ட கூரிய பற்களும் உண்டு.

இதன் உணவு பெரும்பாலும் மீனே. நீருக்குள் அகன்ற பலகை ஒன்றைப் பக்கவாட்டில் வீசிப் பார்த்தால் நீர் தடுக்கும். மெல்லிய கோலை வீசினால் எளிதில் நீரைக் கிழித்துச் செல்லும். கரியாலின் தாடை அத்தகைய கோல். மேற்பற்களும் கீழ்ப்பற்களும் ஒன்றினிடையே ஒன்று பொருந்துவதால் வழுக்கும் மீன் நழுவுவதில்லை. இத்தாடை மனிதனையோ மாட்டையோ பற்றி இழுப்பதற்கு ஏற்றதன்று. ஆற்றங்கரை மக்கள் சதுப்பு முதலையிடம் கொள்ளும் அச்சத்தைக் கரியாலிடமும் கொள்வது உருவ ஒற்றுமையால் விளைந்த பிழையாகும்.

முதிர்ந்த ஆணின் மூக்கு நுனியில் சட்டி கவிழ்த்தாற்போன்ற ஒரு புடைப்பு உண்டு. ஹிந்தி மொழியில் குடத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்தே இப்பிராணிக்குப் பெயர் வந்தது. மூச்சு இப்புடைப்பின் ஊடே செல்லும்போது ஒலி மாறிப் பெருகுகின்றது. இணைதேடும் பருவத்தில் இது பெட்டைகளுக்கு அழைப்பாகவும் பிற ஆண்களுக்கு எச்சரிக்கையாகவும் பயன்படுகின்றது.

கரியாலின் கால்கள் வலிவற்றவை. வளர்ந்த கரியால் தன் உடலைத் தரையினின்று தூக்கி நடக்க இயலாது. வயிற்றால் தள்ளிக்கொண்டே செல்லும். ஆகவே ஆழமான மடுவும் அதனையொட்டிய சரிவான மணல் திட்டும் அதற்கு இன்றியமையாதவை. வெயில் காய்வதும் மணலில், முட்டையிடுவதும் மணலில். மார்ச், ஏப்ரல் மாதங்களில் பெட்டை மணலைத் தோண்டி முட்டையிடும். பெருமழை ஆற்றை நிரப்புவதற்கு முன் குஞ்சுகள் வெளிவரும். சம்பல் ஆற்றில் பல கூடுகளின் குஞ்சுகள் ஒன்றாகத் திரண்டு, பெரிய ஆண் முதலையின் முதுகில் ஏறி அமர்ந்திருப்பதைக் காணலாம். கொடியதென்று கருதப்படும் பிராணி ஒன்று இவ்வாறு குஞ்சு காப்பதைப் பார்த்தவர் தம் கருத்தை மாற்றிக்கொள்வர்.

1970-களின் நடுவில் இம்முதலை அழிவின் விளிம்பை எட்டியிருந்தது. 1975-இல் மத்திய அரசின் முதலைத் திட்டம் தொடங்கியது. முட்டைகள் சேகரித்துப் பொரிக்கப்பட்டன. குஞ்சுகள் ஓரளவு வளரும் வரை பேணப்பட்டுப் பின்னர் ஆறுகளில் விடப்பட்டன. சம்பல் ஆற்றின் நெடும்பகுதி சரணாலயமாயிற்று. தமிழ்நாட்டில் 1976-இல் நிறுவப்பட்ட சென்னை முதலைப் பண்ணையும் இவ்வினத்தைப் பேணியும் ஆராய்ந்தும் வருகின்றது. ஆயினும் 2007-08 குளிர்காலத்தில் சம்பல் ஆற்றில் நூற்றுக்கும் மேற்பட்ட கரியால்கள் மாண்டன. அவற்றின் சிறுநீரகங்கள் பழுதுற்றிருந்தமை ஆய்வில் தெரிந்தது. மணல் அள்ளுதலும், மீன்வலைகளும், நீரைத் தடுக்கும் அணைகளும் இன்றும் இதற்கு இடையூறு விளைக்கின்றன.

அழுங்கு

எறும்புத்தின்னி என்றும் அழுங்கு என்றும் வழங்கும் பிராணியைக் கண்டோர் அதனை ஊர்வன வகை என எண்ணுவதுண்டு. உடல் முழுவதும் ஓடு வேய்ந்தாற்போல் செதில்கள் அடுக்கப்பட்டிருப்பதே காரணம். உண்மையில் இது பால் கொடுக்கும் பிராணி. ஒரு முறைக்குப் பொதுவாக ஒரே குட்டி. அக்குட்டி தாயின் வாலின் அடியில் தொற்றிக்கொண்டு சவாரி செய்யும். நம் நாட்டில் இருவகை அழுங்குகள் உள்ளன. இந்திய அழுங்கு நாட்டின் பெரும்பகுதியிலும், சீன அழுங்கு வடகிழக்கிலும் காணப்படுகின்றன.

செதிலின் பொருள் கெராட்டின். நம் நகமும் தலைமயிரும் பசுவின் கொம்பின் வெளியுறையும் இப்பொருளால் ஆனவையே. இதன் வாயில் பற்கள் கிடையா. முன்கால்களின் வளைந்த வலிய நகங்களால் கறையான் புற்றையும் எறும்புக் கூட்டையும் பெயர்த்து, பசைபடிந்த நீண்ட நாக்கை உட்செலுத்திப் பூச்சிகளை ஒட்டி இழுத்து உண்கின்றது. நாக்கின் அடித்தசை மார்பெலும்பின் கடைசி வரையில் செல்கின்றது. பல் செய்ய வேண்டிய வேலையை, விழுங்கிய சிறு கற்களின் துணையுடன் இரைப்பை செய்கின்றது. எறும்புகள் கடிக்காதவாறு காதுகளையும் நாசித்துளைகளையும் மூடிக்கொள்ளவும் இதனால் இயலும். கறையான்களைப் பெருவாரியாக உண்டு வாழும் இப்பிராணி உழவனுக்கு ஊதியமின்றி உழைக்கும் காவலாளி எனலாம்.

ஆபத்து நேர்ந்தால் அழுங்கு ஓடுவதில்லை; தலையையும் வயிற்றையும் உள்ளடக்கி உருண்டையாகச் சுருண்டுகொள்கின்றது. சிறுத்தையும் புலியும் அவ்வுருண்டையைப் பிரிக்க முயன்று பெரும்பாலும் தோற்றுத் திரும்பும். மனிதனுக்கோ அதனைப் பிரிக்க வேண்டிய தேவையே இல்லை. அப்படியே எடுத்துச் சாக்கில் இட்டுக்கொள்கின்றான். செதிலில் மருந்துக்குணம் உண்டென்ற நம்பிக்கையால் இது கடல் கடந்தும் கடத்தப்படுகின்றது. நகத்தை அரைத்து உண்பதால் என்ன பயனோ அதுவே செதிலை அரைத்து உண்பதாலும் விளையும். 2016-இல் கூடிய உலக நாடுகளின் மாநாடு அழுங்கு வாணிபத்தை முற்றிலும் தடைசெய்யத் தீர்மானித்தது. 2020-இல் சீன நாடு தன் மருந்து நூற்பட்டியலிலிருந்து இச்செதிலை நீக்கியது. ஆயினும் மறைமுக வாணிபம் ஒழிந்துவிடவில்லை.

தேவாங்கு

மெலிந்த ஒருவனைத் தேவாங்கு என்று தமிழில் கேலி செய்வதுண்டு. கேலி செய்பவருள் தேவாங்கை நேரில் கண்டவர் சிலரே. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மட்டும் வாழும் இச்சிறு பிராணி குரங்குக்கும் மனிதனுக்கும் தூரத்து உறவு. உயர்பாலூட்டி வரிசையைச் சேர்ந்தது. எடை கால் கிலோகிராம் அளவே. வால் இல்லை; கைகால்கள் குச்சிபோல் ஒல்லியானவை; முகத்தின் பெரும்பகுதி கண்களே.

இரவில் இரைதேடும் பிராணிக்குக் கண் பெரிதாயிருத்தல் தேவை. தேவாங்கின் கண்ணில் விழித்திரைக்குப் பின்னே ஒளியைத் திருப்பி அனுப்பும் படலம் ஒன்று உண்டு. ஒருமுறை விழித்திரையைக் கடந்த மங்கிய ஒளி திரும்பவும் அதன் வழியே செல்வதால் இருளிலும் பார்வை தெளிவாகின்றது. நம் விளக்கொளியில் அதன் கண்கள் செந்தணல்போல் சுடர்வதும் இப்படலத்தினாலேயே. அதில் மாயம் எதுவுமில்லை. ஒல்லியான கைகால்கள் ஒரு கிளையிலிருந்து மற்றொரு கிளைக்கு அசைவு தெரியாமல் எட்டிப் பிடிப்பதற்கு ஏற்றவை. அவற்றின் இரத்தக் குழாய்கள் சிறு கிளைகளாகப் பிரிந்து பின்னியிருப்பதால், நெடுநேரம் பற்றிக்கொண்டிருந்தாலும் தசை சோர்வதில்லை. இதன் உணவு பெரும்பாலும் பூச்சி வகைகள்.

இதன் கண்களுக்கும் உடலுறுப்புகளுக்கும் மாந்திரீக ஆற்றல் உண்டென்ற பேதைமை பல தேவாங்குகளின் உயிரைக் குடித்திருக்கின்றது. இரவில் இதனைக் காண்பது தீய சகுனம் என்று கல்லெறிவதும் உண்டு. முட்புதர்க் காடுகளும் வேலிமரங்களும் பயனற்ற நிலமென அழிக்கப்படுவது இதன் உறைவிடத்தைக் குறைக்கின்றது. 2022-இல் தமிழ்நாடு அரசு கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேர் பரப்பைக் கடவூர் தேவாங்கு சரணாலயமாக அறிவித்தது. உயர்ந்த மரங்களும் அருவிகளும் இல்லாத வறண்ட காட்டையும் காக்கத்தக்க செல்வமாகக் கருதியது இவ்வறிவிப்பின் சிறப்பு.

மண்ணுக்குள் வாழும் ஊதாத் தவளை

மேற்குத் தொடர்ச்சி மலையில் வாழும் ஊதாத் தவளை முதன்முறை காண்போருக்குத் தவளையாகவே தோன்றாது. ஊதிப் பருத்த கருஊதா உடல், மிகச்சிறிய தலை, பன்றியின் மூக்கை நினைவூட்டும் கூர்முனை, குட்டையான கால்கள் ஆகியவை இதன் வடிவம். இதன் தலைப்பிரட்டைகள் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே ஆய்வாளர்களால் விவரிக்கப்பட்டிருந்தன; மலைவாழ் மக்களும் இதனை நன்கு அறிவர். எனினும் கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில் கிடைத்த முதிர்ந்த தவளைகளைக் கொண்டு, எஸ். டி. பிஜு, பிராங்கி பொஸ்ஸூய்ட் ஆகிய இருவரும் 2003-ஆம் ஆண்டில்தான் இதற்கு விஞ்ஞானப் பெயர் சூட்டினர். நாசிகா என்ற வடசொல் அப்பெயரின் முதலில் அமைந்துள்ளது.

ஆண்டின் பெரும்பகுதியை இது மண்ணுக்குள்ளேயே கழிக்கின்றது. பின்கால்களிலுள்ள மண்வெட்டி போன்ற மேடுகளால் மண்ணைத் தள்ளிக் கீழிறங்குகின்றது. கூர்மூக்கால் கறையான் வழிகளைத் துழாவி, நாக்கால் கறையான்களைக் கவர்ந்து உண்கின்றது. மழைக்காலத் தொடக்கத்தில் சில நாட்களுக்கு மட்டும் இனப்பெருக்கத்தின் பொருட்டு மேலே வருகின்றது. ஓடைப்பாறைகளின் இடுக்குகளில் முட்டையிட்டபின் மீண்டும் மண்ணுள் மறைகின்றது. தலைப்பிரட்டைகளின் வாய் உறிஞ்சிபோல் அமைந்திருப்பதால் அவை பாயும் நீரிலும் பாறையைப் பற்றிக்கொண்டு பாசியை உண்டு வளர்கின்றன.

இதன் குடும்பத்திற்கு நெருங்கிய உறவுடைய வேறு குடும்பம் இந்தியாவில் இல்லை. இந்துமாக் கடலிலுள்ள செய்ஷெல்ஸ் தீவுகளில் வாழும் சிறு தவளைகளே இதற்கு உறவு. தவளை கடல்நீரைக் கடந்து செல்லும் பிராணியன்று. இந்தியாவும் செய்ஷெல்சும் ஒரே நிலப்பகுதியின் கூறுகளாக இருந்த பண்டைக் காலத்தில் இவற்றின் முன்னோர் அங்கு வாழ்ந்தனர் என்பதே இதன் பொருள். இவ்விரு மரபுகளும் பிரிந்து பத்துக் கோடி ஆண்டுகளுக்கு மேலாகின்றது என்று கணக்கிட்டுள்ளனர். கண்டங்கள் நகர்ந்தன என்பதற்கு மலையோடையில் வாழும் ஒரு தவளை உயிருள்ள சான்றாக விளங்குகின்றது. 2017-இல் மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்குச் சரிவில், திருவில்லிபுத்தூர்ப் பகுதியில், இக்குடும்பத்தின் இரண்டாம் இனம் விவரிக்கப்பட்டு, ஊர்வன ஆய்வாளரான காலஞ்சென்ற பூபதியின் பெயர் அதற்கு இடப்பட்டது.

காப்பே குறையாகும் விதம்

மேற்கூறிய ஆறு பிராணிகளையும் ஒருங்கே வைத்து நோக்கினால் ஒரு பொதுவுண்மை புலப்படும். அழுங்கு சுருண்டுகொள்கின்றது, தேவாங்கு அசையாமல் நிற்கின்றது, சங்காய் நின்று திரும்பிப் பார்க்கின்றது, ஆண் இருவாட்சி தன் துணை மரப்பொந்தில் அடைந்திருக்க, நாள் தவறாமல் அதே மரத்திற்கு வருகின்றது, கரியால் குறித்த பருவத்தில் மணல் திட்டை நாடுகின்றது, ஊதாத் தவளை குறித்த நாட்களில் ஓடையை அடைகின்றது. இவ்வழக்கங்கள் யாவும் இயற்கைப் பகைவரையும் பருவ மாறுதல்களையும் வெல்வதற்காக நெடுங்காலத்தில் அமைந்தவை. சாக்கு, துப்பாக்கி, மின்விளக்கு, மணல்லாரி, நிலையான நீர்மட்டம் ஆகியவற்றை எதிர்கொள்ள அவை அமைந்தவையல்ல. இன்னவிடத்தில் இன்னபொழுதில் கிடைக்கும் என்ற ஒழுங்கே மனிதன் முன்னிலையில் இவற்றுக்குக் குறையாக முடிகின்றது.

மேலும் இப்பிராணிகளுள் சில மெதுவாகவே பெருகுபவை. இருவாட்சி ஆண்டுக்கு ஒரு குஞ்சையும், அழுங்கு பொதுவாக ஒரு குட்டியையும் மட்டுமே வளர்க்கின்றன. இழந்த தொகையை இவை விரைவில் ஈடுசெய்ய இயலாது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருவாட்சி, சங்காய், கரியால், அழுங்கு, தேவாங்கு ஆகியவற்றை முதல் அட்டவணையில் சேர்த்து மிக உயர்ந்த பாதுகாப்பை அளிக்கின்றது. இவற்றைப் பிடிப்பதும், வளர்ப்பதும், உறுப்புகளை விற்பதும் வாங்குவதும் தண்டனைக்குரிய குற்றங்கள்.

ஆசிரியர் செய்யத்தக்கவை

வகுப்பில் ஒரு விநோதப் பிராணியின் படத்தைக் காட்டும்போது அதன் பெயரையும் விளக்கத்தையும் உடனே கூறிவிடலாகாது. முதலில் மாணவரை அதனை வரையச் சொல்லுதல் நலம். வரையும் கை கண்ணைக் கூர்மையாக்கும். பின்னர், ‘இதன் வாய் எதை உண்ண ஏற்றது? கால் எத்தரையில் நடக்க ஏற்றது? கண் எவ்வொளிக்கு ஏற்றது?’ என்ற மூன்று வினாக்களை எழுப்பலாம். மாணவர் கூறும் விடைகளைக் கரும்பலகையில் எழுதிய பிறகே விளக்கத்திற்குச் செல்ல வேண்டும்.

எளிய சோதனைகளும் உண்டு. நகத்துண்டு ஒன்றையும் மயிரிழை ஒன்றையும் தனித்தனியே தீயில் காட்டினால் இரண்டிலும் ஒரே நாற்றம் எழுவதை மாணவர் உணர்வர். அழுங்கின் செதிலும் இப்பொருளே என்று கூறினால் மருந்து பற்றிய மயக்கம் நீங்கும். நீர்த்தொட்டியில் அகன்ற பலகைத் துண்டையும் ஒரு குச்சியையும் பக்கவாட்டில் அசைக்கச் செய்தால் கரியாலின் தாடை விளங்கும். உயிருள்ள பிராணிகளையோ, முட்டைகளையோ, கூடுகளையோ கொண்டுவரும்படி மாணவரிடம் ஒருபோதும் கூறலாகாது. தம் ஊரில் வழங்கும் பிராணிப் பெயர்களையும் கதைகளையும் பெரியோரிடம் கேட்டு எழுதி வரச்செய்யலாம். அவற்றில் உள்ள உண்மையான கவனிப்பையும் ஆதாரமற்ற அச்சத்தையும் பிரித்துக் காட்டுவது பயனுள்ள பாடமாகும். மூத்தோரைப் பழிக்காமல் இதனைச் செய்தல் வேண்டும்.

களப்பணியாளர் கவனத்திற்கு

சுருண்டிருக்கும் அழுங்கைப் பிரிக்க முயலலாகாது. தூர விலகி நின்றால் அது தானே விரிந்து சென்றுவிடும். தேவாங்கைக் கண்டால் கண்ணில் நேராக ஒளி பாய்ச்சாமல், விளக்கைத் தாழ்த்தியோ அதன்மேல் சிவப்புத் தாளை மூடியோ பார்க்க வேண்டும். ஆற்றங்கரையில் பணிபுரிவோர் மார்ச் முதல் ஜூன் வரை கரியால் கூடுள்ள மணல் திட்டுக்களில் வண்டிகளும் கால்நடைகளும் செல்லாதபடி பார்த்துக்கொள்ளல் நலம். பொந்து விழுந்த முதுமரம் மரவாணிபத்திற்குப் பயனற்றதாயினும் இருவாட்சிக்கு வீடாகலாம். அதனை வெட்டுவதற்குக் குறியிடுமுன் சில நாட்கள் கவனித்தல் வேண்டும். ஓடைகளில் சிறு தடுப்பணை கட்டத் திட்டமிடும்போது அங்கு பாறையைப் பற்றி வாழும் தலைப்பிரட்டைகள் உள்ளனவா என்று மழைக்காலத்தில் ஒருமுறை நோக்குவது நன்று.

அரிய பிராணி ஒன்றைக் கண்ட நாள், நேரம், இடம், தொகை, அது செய்துகொண்டிருந்த செயல் ஆகிய ஐந்தையும் குறிப்பேட்டில் அன்றே எழுதி வைக்க வேண்டும். நினைவிலிருந்து பின்னர் எழுதும் குறிப்பு பெரும்பாலும் பிழைபடும். கூட்டின் இடத்தை மேலதிகாரியன்றிப் பிறருக்கு அறிவிக்கலாகாது. ஆர்வத்தால் வரும் கூட்டமும் கூட்டைக் கலைக்கும். அடிபட்ட பிராணியையோ விற்பனைக்கு வந்த பிராணியையோ கண்டால் தாமே வளர்க்க முற்படாமல் அருகிலுள்ள வன அலுவலகத்திற்கு உடனே தெரிவித்தல் வேண்டும். அழுங்கும் தேவாங்கும் அடைப்பில் நீண்டநாள் வாழ்வது அரிது. இரக்கத்தால் வீட்டில் வைத்துப் பாலும் பழமும் ஊட்டுவதும் அவற்றின் உயிருக்கே கேடாக முடியும்.